குரூக்ஸின் அறையும் எங்கள் நைட் ஹால்ட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் உலக நாவல்களில் தனிமை பற்றி வந்த கட்டுரையை மூன்று தடவை படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தார்கள், கத்தரித்தும் வைத்துவிட்டேன். ஆனால் ஓரிடத்தில் மனசு ஒப்பவில்லை. ஜான் ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ நாவலில் வருகிற எல்லோருமே தனிமையில் கிடப்பவர்கள்தான், குரூக்ஸும் அவர்களில் ஒருவன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். குரூக்ஸை அப்படி மற்றவர்களோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்ட முடியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் முன்பாதியில் வெட்டுங்கள், பின்பாதியைத் தொடாதீர்கள்.

நான் இலக்கியம் படித்தவன் இல்லை. அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்தவன். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. என் மகள் பி.ஏ. ஆங்கிலம் படித்தபோது அவளுக்குப் பாடமாக வந்த நாவல் இது. சின்னப் புத்தகமாக இருக்கிறதே என்று துணிந்து கையில் எடுத்தேன். அட்டை போன லிப்கோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்தேன். பாதி வார்த்தை அகராதியில் இல்லை, எல்லாம் கூலிக்காரர்கள் பேசுகிற கொச்சை. ‘சத்தமாப் படிங்கப்பா, தானாப் புரியும்’ என்றாள் மகள். புரிந்தது. நம் மதுரைப் பேச்சையும் அப்படியே எழுதிக் கொடுத்தால் படிக்கிறவன் முழிப்பான், வாய்விட்டுச் சொன்னால் சிரிப்பான்.

நாவல் வந்தது 1937-ல். கதை நடப்பது கலிஃபோர்னியாவில், சொலிடாட் என்கிற ஊருக்குப் பக்கத்துப் பண்ணையில். சொலிடாட் என்றால் ஸ்பானிய மொழியில் தனிமை. வேலை தேடி ஊர் ஊராகப் போகிற கூலிகள் பகலில் பார்லி மூட்டை தூக்குகிறார்கள். இரவில் எல்லோரும் தங்குகிற கொட்டகையில் சீட்டாடுகிறார்கள். கட்டுரையாளர் சொன்னதில் பொய்யில்லை. ஜார்ஜ் ஒற்றை ஆளாகச் சீட்டைப் பரப்பித் தனக்குத் தானே ஆடுகிறான். ஒரு கை போன கிழவர் கேண்டிக்குத் துணை ஒரு கிழட்டு நாய், அதையும் சுட்டுவிடுகிறார்கள். முதலாளி மகன் கர்லியின் மனைவிக்கு நாவலில் பெயரே கிடையாது. பேச ஆளில்லாமல் வாசல் வாசலாக வந்து நிற்கிறாள். சரி, எல்லோருக்கும் தனிமைதான்.

குரூக்ஸின் தனிமைக்கு மட்டும் ஒரு சுவர் இருக்கிறது. பண்ணையில் ஒரே கறுப்பினத்தவர், லாயத்து வேலைக்காரர். (குரூக்ஸை ‘அவன்’ என்றும் முதலாளியை ‘அவர்’ என்றும்தான் தமிழில் கை தானாக எழுதுகிறது. கட்டுரையிலும் அப்படித்தான் இருந்தது. நான் ‘அவர்’ போட்டுப் பார்க்கிறேன்.) மற்றவர்கள் தங்குகிற கொட்டகைக்குள் அவர் வரக் கூடாது. லாயத்துச் சுவரை ஒட்டி இறக்கிய சாய்ப்பில், சேணமும் கடிவாளமும் பழுது பார்க்கிற சின்ன அறைதான் அவருக்கு. படுக்கை என்பது வைக்கோல் நிரப்பிய ஒரு நீளப் பெட்டி. அலமாரியில் குதிரைக்கான மருந்தும் அவருக்கான மருந்தும் கலந்தே இருக்கின்றன. ஒரு அலாரக் கடிகாரம், ஒற்றைக் குழல் துப்பாக்கி, தங்க விளிம்பு மூக்குக் கண்ணாடி. கிழிந்த அகராதி ஒன்று (இதைப் படித்ததும் என் லிப்கோவை ஒரு பார்வை பார்த்தேன்). அதோடு கலிஃபோர்னியா மாநிலத்தின் 1905-ஆம் வருஷத்து உரிமையியல் சட்டப் புத்தகம். சட்டம் அலமாரியில் இருக்கிறது, அதை வைத்திருப்பவர் லாயத்தில் இருக்கிறார்.

ஆறு அத்தியாய நாவலில் அவருக்கென்று இருப்பது நான்காவது மட்டும். அதற்கு முன்னால் கொட்டகைக் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டி, தார் காய்ச்சியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போகிறார். தலை மட்டும்தான் உள்ளே வருகிறது, உடம்பு வருவதில்லை. ஒரே ஒரு கிறிஸ்துமஸ் இரவில், முதலாளி விஸ்கி வாங்கிக் கொடுத்த சந்தோஷத்தில் அவரை உள்ளே விட்டார்களாம். விட்டதும் ஒருவன் அவரோடு சண்டைக்குப் போனான். முதுகு வளைந்தவர் என்பதால் கையால் மட்டும் அடித்தானாம், காலைப் பயன்படுத்தவில்லையாம். அதைத் தர்மமான சண்டை என்கிற மாதிரி சிரித்துக்கொண்டே கதையாகச் சொல்கிறார்கள்.

என்னைக் கேட்டால் இதற்குத் தனிமை என்ற சொல்லே பொருந்தாது. நம் ஊரில் இதற்கு வேறு சொல் இருக்கிறது: தள்ளிவைப்பது. அந்தச் சொல்லில் தள்ளியவனும் இருக்கிறான்.

ஒரு சனிக்கிழமை இரவு எல்லோரும் டவுனுக்குப் போய்விடுகிறார்கள். ஜார்ஜை நம்பி அவன் கூடவே ஊர் ஊராகச் சுற்றுகிற, புத்தி மட்டான லென்னி, வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுக் குரூக்ஸின் வாசலில் வந்து சிரித்தபடி நிற்கிறான். முதலில் அவனை விரட்டத்தான் செய்கிறார். உங்கள் இடத்துக்கு என்னை விடுவதில்லை, என் இடத்துக்கு நீ ஏன் வருகிறாய் என்கிறார். பிறகு உட்காரச் சொல்லிவிட்டு, ஜார்ஜ் திரும்பி வராமலே போய்விட்டால் என்ன செய்வாய் என்று கேட்டுக் கேட்டு அவனைக் கலங்கடிக்கிறார். முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, ஒரு அப்பாவியை இப்படியா வதைப்பது என்று. இரண்டாம் தடவைதான் பிடிபட்டது. தன் தினசரிப் பயம் இன்னொரு முகத்தில் எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார்.

அதற்கப்புறம் அவர் சொல்கிற ஒன்றைத்தான் கட்டுரையாளர் விட்டுவிட்டார். ராத்திரியில் தனியாக உட்கார்ந்திருக்கிறவன் ஏதோ ஒன்றைப் பார்க்கிறான். பார்த்தது நிஜமா என்று அவனுக்குத் தெரியாது. பக்கத்தில் திரும்பி, உனக்கும் தெரிகிறதா என்று கேட்க ஆள் கிடையாது. நானும் இங்கே சிலதைப் பார்த்திருக்கிறேன், குடித்திருக்கவில்லை, தூங்கினேனா என்றுதான் தெரியவில்லை என்கிறார். பேச்சுத் துணை இல்லாதது ஒரு கஷ்டம். தன் கண்ணையும் காதையும் தானே நம்ப முடியாமல் போவது அதைவிடப் பெரிய கஷ்டம். இந்த வரிக்கு நான் பின்னால் வருகிறேன்.

கொஞ்ச நேரத்தில் கேண்டியும் வருகிறார். வாசலிலேயே தயங்குகிறார். இத்தனை வருஷம் ஒரே பண்ணையில் இருந்தும் இந்த அறைக்குள் வருவது இதுதான் முதல் தடவை. சங்கடத்தை மறைக்க, தனி அறை கிடைப்பது நல்லதுதான் என்று எதையோ சொல்லிவைக்கிறார். ஆமாம், ஜன்னலுக்குக் கீழே எருக்குவியலும் கிடைக்கும் என்கிறார் குரூக்ஸ்.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ரெண்டு நாள் தொடவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

1988 முதல் ஆறு வருஷம் எனக்கு நைட் ஹால்ட் டூட்டி. மதுரையிலிருந்து மேற்கே, மலையடிவாரத்து ஊர் ஒன்றுக்குக் கடைசி நடை. ஊர்ப் பெயர் வேண்டாம். ராத்திரி பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தால் விடிகாலை ஐந்துக்குத்தான் எடுப்போம். டிரைவர் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ‘அண்ணே’ என்பேன், ‘தம்பி’ என்பார். வளைவில் முட்டை உருட்டுகிற மாதிரி வண்டியைத் திருப்புவார். ஆறு வருஷத்தில் ஒரு ஆடுகூட அடிபட்டதில்லை.

போன முதல் வாரத்திலேயே டீக்கடைக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, ‘டிரைவர் எந்தப் பக்கம்?’ என்று கேட்டார். பக்கம் என்றால் திசை இல்லை என்பது இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். நான் சொன்னேன். யாரும் மிரட்டவில்லை, காசு கொடுக்கவில்லை. கேட்டார், சொன்னேன். மறுநாள் எனக்குக் கண்ணாடித் தம்ளரில் வந்த டீ அவருக்கு வேறு தம்ளரில் வந்தது. அவர் அந்தத் தம்ளரை ஒரு நிமிஷம் பார்த்தார், குடித்தார், காசு கொடுத்தார். அதற்கு அடுத்த நாள் சாப்பாட்டுத் தூக்குவாளியோடு வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்க்கும் வந்தது. ஆறு வருஷமும் அந்த பிளாஸ்க்தான். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு அப்போதும் இருந்தது. 1955-ஆம் வருஷத்துச் சட்டமும் இருந்தது. தம்ளர்களும் இருந்தன.

படுக்க எனக்கு ஒரு வீட்டுத் திண்ணை கிடைத்தது, தலையணையோடு. அவர் பஸ்ஸுக்குள் கடைசி நீள சீட்டில் படுத்தார். காரணம் கேட்டால் ‘வண்டிக்குக் காவல் வேணாமா?’ என்பார்கள். பேட்டரி இறங்கிவிடும் என்று உள்விளக்கும் போட முடியாது. நானும் காவல் என்றே நம்பினேன், அல்லது நம்புகிற மாதிரி வைத்துக்கொண்டேன். ஒருநாள், ‘உங்களுக்கென்னண்ணே, ஜன்னலைத் திறந்தா மலைக்காத்து, கொடுத்துவச்சவரு’ என்றுகூடச் சொன்னேன். ‘ஆமா தம்பி, டீசல் வாடையும் சேந்து வரும்’ என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். இருபது வருஷத்துக்கும் மேல் கழித்துக் கேண்டியின் வாயில் என் பேச்சையும், குரூக்ஸின் வாயில் அவர் பேச்சையும் படித்தால் எப்படி இருக்கும்?

அவருக்கு முதுகுவலி, டிரைவர்களுக்கு வருவதுதான். விடிகாலையில் நான் பஸ்ஸுக்கு வரும்போது சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கையைப் பின்னால் வளைத்து அமிர்தாஞ்சன் தடவிக்கொண்டிருப்பார். எட்டாத இடத்துக்குக் கம்பியில் முதுகைச் சாய்த்துத் தேய்ப்பார். குரூக்ஸின் அத்தியாயம் அவர் தன் முதுகுக்குத் தானே தைலம் தடவுவதில் தொடங்கி, எல்லோரும் போன பிறகு மறுபடி தைலம் தடவுவதில் முடிகிறது. நான் ஆறு வருஷமும் அந்த நேரத்தில் டிக்கெட் கட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

கறுப்பு நிறமும் நம் ஊர்ச் சாதியும் ஒன்றா என்று வாசகர்கள் கேட்கலாம். ஒன்றில்லை. குரூக்ஸை யாரும் ‘எந்தப் பக்கம்’ என்று கேட்க வேண்டியதில்லை, முகமே சொல்லிவிடும். இங்கே முகம் சொல்லாது. அதனால் சொல்வதற்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது, என்னை மாதிரி.

மகள் அப்புறம் டோனி மாரிசன் எழுதிய ‘தி புளூயஸ்ட் ஐ’ கொடுத்தாள், 1970-ல் வந்தது. அதில் எனக்குக் கண்டக்டர் என்ற முறையில் நன்றாகப் புரிந்தது ஒரு மிட்டாய்க்கடைக் காட்சி. பெக்கோலா என்ற கறுப்பினச் சிறுமி மூன்று காசை நீட்டுகிறாள். கடைக்காரருக்கு அவள் இருப்பதே கண்ணில் சரியாக விழுவதில்லை. காசை எடுக்க அவள் கையைத் தொட வேண்டுமே என்று தயங்குகிறார். கடைசியில் எடுக்கும்போது அவருடைய நகம் அவள் உள்ளங்கையில் உரசுகிறது. மாரிசன் அந்த நகத்தைக் கூட விடவில்லை. வெள்ளைக்கார ஊர் மிட்டாய்க்கடை என்று தள்ளிவைக்கவும் முடியாது. முல்க் ராஜ் ஆனந்தின் ‘அன்டச்சபிள்’ நாவலில் (1935) ஜிலேபிப் பொட்டலத்தைப் பந்து மாதிரி எறிகிறார்கள், வாங்கிய காசின் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். நம் பக்கத்திலேயே, வத்திராயிருப்பு அருகே புதுப்பட்டிக்காரரான பாமா ‘கருக்கு’ நூலில் (1992) எழுதியிருக்கிறார்: தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைச் சரட்டைப் பிடித்துத் தொங்கவிட்டபடி கொண்டுவருவதைப் பார்த்துச் சின்னப்பிள்ளையாக விழுந்து விழுந்து சிரிக்கிறார். ஏன் அப்படிப் பிடித்தார் என்று அண்ணன் சொன்ன பிறகுதான் சிரிப்பு நிற்கிறது.

கண்டக்டருக்கு நாளைக்கு ஆயிரம் கை. எல்லாக் கையிலும் காசை ஒரே மாதிரி வைக்கிறோமா? சில கைகளுக்குச் சில்லறையை ஒரு அரையடி உயரத்திலிருந்து விடுவது உண்டு, விழுந்தால் பொறுக்கிக்கொள்ளட்டும் என்று. எனக்கு முன்னால் இருந்த சீனியரைப் பார்த்துக் கற்றது அது. யாரும் புகார் எழுதியதில்லை. வாங்கிய கைக்கு எப்படி இருந்தது என்று மாரிசன் எழுதித்தான் எனக்குத் தெரியும்.

ரால்ஃப் எலிசனின் ‘இன்விசிபிள் மேன்’ (1952) பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இருந்தது. பெயரில்லாத அந்த நாயகன் ஒரு பாதாள அறையில் 1,369 பல்புகளைத் திருட்டு மின்சாரத்தில் எரித்துக்கொண்டு வாழ்கிறான். யார் கண்ணுக்கும் படாதவன் தன்னைத் தானாவது பார்த்துக்கொள்ள அத்தனை வெளிச்சம் வேண்டியிருக்கிறது. கட்டுரையாளர் அதை விசித்திரம் என்கிறார். உள்விளக்கு அணைத்த பஸ்ஸில் ஒருவரைப் படுக்கவைத்துவிட்டுப் போனவனுக்கு அது விசித்திரமாகத் தெரியவில்லை.

குரூக்ஸின் அறைக்கு மறுபடி வருகிறேன். லென்னி, கேண்டி, குரூக்ஸ் மூவரும் சொந்த நிலம் வாங்கும் கனவைப் பேசுகிறார்கள். கூலி வேண்டாம், சோறு போட்டால் போதும், நானும் வரட்டுமா என்று கேட்டுவிடுகிறார் குரூக்ஸ். வாழ்க்கையில் ஒரு மணி நேரம் அவர் கூட்டத்தில் இருக்கிறார். அப்போது கர்லியின் மனைவி வருகிறாள். வெளியே போ என்கிறார் குரூக்ஸ், தன் அறை என்ற தைரியத்தில். நான் நினைத்தால் உன்னை மரத்தில் தொங்கவிட முடியும், தெரியுமா என்கிறாள். அவ்வளவுதான், குரூக்ஸ் சுருங்கி ஒன்றுமில்லாமல் ஆகிவிடுகிறார். அவளும் தனிமைக்காரிதான், பாவம்தான். ஆனால் அவள் கையில் ஒரு கயிறு இருக்கிறது, அவர் கையில் இல்லை. அந்தக் கயிறு கற்பனையும் இல்லை. கும்பல் சேர்ந்து அடித்துக் கொல்வதைத் தனிக் குற்றமாக்கும் மத்திய சட்டம் அமெரிக்காவில் 2022-ல்தான் கையெழுத்தானது. நாவல் வந்து 85 வருஷம் கழித்து. எல்லோரும் ஒரே மாதிரி தனிமையில் இருந்தார்கள் என்று எழுதுகிறவர் இந்தக் கயிறை எங்கே வைப்பார்?

அவள் போன பிறகு கேண்டியைக் கூப்பிட்டு, நிலத்துக்கு வருகிறேன் என்றது சும்மா வேடிக்கைக்கு, அப்படிப்பட்ட இடத்துக்கெல்லாம் எனக்கு வர ஆசையில்லை என்கிறார் குரூக்ஸ்.

போன பொங்கலுக்கு மறுநாள் டிரைவர் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பழகி முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்த வாசலை மிதிப்பது அதுதான் முதல் தடவை. வாழைப்பழச் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவர் மனைவி வாங்கி உள்ளே வைத்தார். குரூக்ஸ் கதையைச் சொன்னேன். டீக்கடைக்காரரிடம் நான் சொன்னதையும் சொன்னேன். ‘அது தெரியுமே’ என்றார். அப்புறம், ‘நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத தம்பி. எனக்கு பஸ்ஸுதான் பிடிச்சிருந்துச்சு. திண்ணையில கொசு’ என்றார். குரூக்ஸ் கேண்டியிடம் சொன்னது எனக்கு அப்போது ஞாபகம் வராமல் இருந்திருக்கலாம். வந்தது.

காபி குடித்து முடித்த பிறகு அவரே ஆரம்பித்தார். ஹால்ட் ஊரில் ஒரு மார்கழி ராத்திரி, மலைப்பக்கமிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி ஒரு சத்தம் வெகுநேரம் கேட்டது. காலையில் என்னிடம், ‘உனக்குக் கேட்டுச்சா?’ என்று கேட்டாராம். நான், ‘கனவு கண்டிருப்பீங்கண்ணே’ என்று சொல்லிவிட்டு விசில் கொடுத்தேனாம். மறுநாளும் கேட்டிருக்கிறார், அதே பதில்.

‘நெசமாவே உனக்குக் கேக்கலையா தம்பி?’

கேட்டது. திண்ணையில் எழுந்து உட்கார்ந்து நானும் கேட்டேன். விடிந்ததும் அதை ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

‘கேட்டுச்சுண்ணே’ என்றேன்.

அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டு, ‘ஏ, அவனுக்கும் கேட்டிருக்காம்’ என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்டக்டர்,
வில்லாபுரம், மதுரை.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அண்ணன் வீட்டிலும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள்.)